‘வா’ன்னா வா இல்ல, ‘பா’ன்னா நான் இல்ல

எனக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கிரேனுக்குச் சிக்னல் போட்டவர்களில், பிரான்ஸ்காரனோடு அவன் பாஷையிலேயே பேசி மிஷினை இறக்கியவன் நான் ஒருவன்தான்.

சும்மா சொன்னேன். பொய். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கை விரலுக்குள் அடங்கிவிடும். அதிலும் பாதி தப்பு. இந்தப் பொய்யை முதல் தடவை நான் சொன்ன நாளில் ஒரு மனுஷனின் நாலு விரல் என் நாக்கு நுனியில் தொங்கியது. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் சிக்னல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்த விரலைக் காட்டினால் ஏறும், எதைக் காட்டினால் இறங்கும் என்பதை எல்லாம் உங்கள் பயிற்சியில் படம் போட்டே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது என் வேலை இல்லை. நான் அஞ்சாம் வகுப்பை எட்டிப் பார்த்தவன். அது என்னைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தைகளை எல்லாம் எடுத்துவிட்டாள். இல்லையென்றால் இது இரண்டு மடங்கு இருந்திருக்கும்.

எங்கள் தொழிற்சாலைக்குப் பிரான்ஸிலிருந்து இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற ஒரு பெரிய பிரஸ் மிஷின் வந்தது. மரப்பெட்டி மரப்பெட்டியாக வந்தது. கூடவே அதை நிறுத்திக்கொடுக்க ஒரு இன்ஜினியரும் வந்தார். பேர் லூக். நாங்கள் “லுக்கு சார்” என்போம். யாராவது “லுக்கு சார்” என்று கத்தினால் அவரும் திரும்பிப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கிறவர்களும் எதையோ பார்க்கச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

கிரேனை ஓட்டியவர் பஷீர் பாய். பழவேற்காட்டுக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் வியாபாரம். இவர் ஒருவர்தான் ஷெட்டின் கூரைக்குக் கீழே தொங்குகிற கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மேலே இருந்து பார்த்தால் தூக்குகிற பொருளின் முதுகு தெரியும். வயிறு தெரியாது. வயிறு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

லூக் முதல் நாள் பெட்டிகளைத் திறந்தார். ஒரு பெட்டிக்குள் தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

“பா போன்! பா போன்!”

பாருங்கள், வெள்ளைக்காரர் வந்த முதல் நாளே நம்ம ஊர் மரியாதையைக் கற்றுக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். “பா, போன் குடு” என்கிறார் என்று நினைத்து என் பட்டன் போனை எடுத்து நீட்டினேன். அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் “பா போன்” என்றார்.

“பேலன்ஸ் கீது சார், தாராளமா பேசுங்க,” என்றேன்.

மேலே கூண்டிலிருந்து பஷீர் பாய் சிரித்த சிரிப்பில் கிரேன் ஆடியது.

டீ கொண்டுபோனால் “ஐம் குட்” என்பார். நல்லா இருக்கிறேன் என்று சொல்கிற மனுஷனுக்கு டீ கொடுக்காமல் விடுவோமா? வைத்துவிட்டு வருவோம். அது “எனக்கு வேணாம்” என்று தெரிவதற்குள் அவர் மேஜையில் ஏழெட்டு டம்ளர் ஆடை கட்டி நின்றது. சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பாரை ஊற்றிக்கொண்டு “நாட் டெரிபிள்” என்றார். மோசமில்லை என்கிறார் என்று சமையல்காரர் குளிர்ந்துபோய் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். அவர்கள் ஊரில் அப்படிச் சொன்னால் ‘சுமார்தான்’ என்று அர்த்தமாம். பாவம், மனுஷன் ஒரு வாரம் சுமாரை டபுளாகச் சாப்பிட்டார்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் பாண்டிச்சேரியிலிருந்து வந்த மொழிபெயர்க்கிற அம்மா. பேரைக் கேட்டால், “என்னை மேடம்னு கூப்பிடாதீங்க, அது போதும்” என்பார். அதனால் அவர் பேர் எனக்குக் கடைசி வரை தெரியாது. டீ இடைவேளையில் அவரிடம் போய் நிற்பேன்.

“அண்ணே, அவரு பா, பான்னு சொல்றது உங்கள இல்ல. பிரெஞ்சுல ‘பா’ன்னா இல்லைன்னு அர்த்தம். பா போன்னா நல்லா இல்லை.”

“அப்ப எங்கூர்ல ஆளாளுக்கு இல்ல, இல்லன்னுதான் கூப்டுக்கினு இருக்கோமா?”

“இன்னொண்ணும் கேளுங்க. ‘வா’ன்னா அவங்களுக்குப் போன்னு அர்த்தம்.”

“இன்னாம்மா பேஜாரா கீது! வான்னா போவா? அந்த ஊர்ல பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்க முடியாதே!”

அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார். காலையில் பார்த்தால் போன்ஜூர். ஸா வா என்று கேட்டால், எப்படி இருக்கீங்க. ஸா வா என்றே பதில் சொன்னால், நல்லா இருக்கேன். தூஸ்மான் என்றால் மெதுவாக. ஆங்கோர் என்றால் இன்னும் கொஞ்சம். கடைசியாக ஒன்று சொன்னார்.

“இதுதான் முக்கியம் அண்ணே. ‘ஜ ந கொம்ப்ரான் பா.’ எனக்குப் புரியலைன்னு அர்த்தம். இத நல்லா மனப்பாடம் பண்ணிக்கோங்க. அவசரம் வந்தா அவருக்கு இங்கிலீஷ் மறந்துபோயிடும், பிரெஞ்சுலதான் கத்துவாரு. அப்ப இது உங்களுக்கு வேணும்.”

நீளமாக இருக்கிறதே என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். தம்பிகளா, தங்கச்சிகளா, நான் என் வாழ்க்கையில் நிறைய முட்டாள்தனம் செய்திருக்கிறேன். ஒருமுறை தலைக்கவசத்தைத் தலையில் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் தேடியிருக்கிறேன். ஆனால் இதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது.

கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு நான் ஆடாத ஆட்டம் இல்லை. காலையில் லூக் உள்ளே நுழைந்தால் ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி, “போன்ஜூர், லுக்கு சார்! ஸா வா?” என்பேன். அவர், “ஸா வா!” என்பார். நானும் “ஸா வா!” என்பேன். இரண்டு பேரும் என்னமோ உலக விஷயம் பேசிக்கொண்டதுபோலச் சுற்றி இருக்கிறவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள்.

மிஷினின் அடிப்பாகத்தைத் தரையில் உட்கார வைக்கிற நாள் வந்தது. எட்டு டன் இரும்பு. சிமெண்டு மேடையில் நட்டு வைத்த போல்ட்டுகள் எல்லாம் அதன் ஓட்டைகளில் சரியாகப் போய் நுழைய வேண்டும். அன்றைக்குப் பார்த்துப் பாண்டிச்சேரி அம்மாவுக்குக் காய்ச்சல். வரவில்லை.

மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு கேட்டார். “யாருக்காவது கொஞ்சமாச்சும் பிரெஞ்சு வருமா?”

யாரும் என்னைச் சொல்லவில்லை. நானே கையைத் தூக்கினேன்.

பஷீர் பாய் ஏணியில் பாதி ஏறியிருந்தார். அங்கேயே நின்று குனிந்து கேட்டார்.

“டேய் முனுசாமி, நெஜமா சொல்லு. அவரு பேசறது உனக்குப் புரியுமா?”

“இன்னா பாய் இப்டி கேட்டுட்ட? நான் பாண்டிச்சேரில பொறந்திருக்க வேண்டியவன். எங்கம்மா பஸ்ஸ விட்டுட்டா.”

“வெளாட்டு வேணாம்டா. கீழ இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. உன் கையத்தான் பாப்பேன்.”

“நான் கீறேன் பாய். நீ ஏறு.”

ஏறிவிட்டார்.

மேலே தூக்கினோம், நகர்த்தினோம், மேடைக்கு நேராகக் கொண்டுவந்தோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. மேடைக்கு நாலு விரல்கடை உயரத்தில் நிறுத்தினோம். ஒரு மூலை கொஞ்சம் சாய்வாக இருந்தது. அந்த மூலையில் ஒரு மெல்லிய தகடு வைத்தால் மட்டம் சரியாகும். லூக் தகட்டை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். இரும்புக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“தூஸ்மான்,” என்றார். மெதுவாக. எனக்குத் தெரியும். கையை மெல்ல அசைத்தேன். பாய் ஒரு நூல் அளவு இறக்கினார்.

“ஆங்கோர்.” இன்னும் கொஞ்சம். அதுவும் தெரியும். இன்னொரு நூல் இறங்கியது.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்குச் சிலை வைக்க இடம் தேடுகிற பார்வை. அந்தப் பெருமையில் நான் ஒன்றைப் பார்க்கத் தவறினேன். லூக்கின் இடது கை தரையில் இருந்தது. வலது கை எங்கே என்று நான் கேட்கவே இல்லை.

திடீரென்று அவர் கத்தினார்.

“ஸா வா, ஸா வா, ஸா வா!”

ஸா வா என்றால் நன்றாக இருக்கிறது. அந்த அம்மா சொல்லிக் கொடுத்தது. போதாததற்கு, காதில் விழுகிறது என்ன? வா, வா, வா. பிரெஞ்சும் இறக்கு என்கிறது, தமிழும் இறக்கு என்கிறது. இரண்டு பாஷையும் சேர்ந்து உத்தரவு கொடுத்தால் நான் யார் மறுக்க? கை தானாக அசைந்தது. பாய் இறக்கினார்.

அப்போதுதான் லூக்கின் காலைப் பார்த்தேன். பூட்ஸ் காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தார். மீன் துள்ளுகிற மாதிரி.

எல்லாம் நன்றாக இருக்கிற மனுஷன் எதற்குக் காலை உதைக்கிறான்?

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். யோசிக்க நேரம் ஏது? வாய் ஒன்று சொல்கிறது, கால் வேறு ஒன்று சொல்கிறது. எனக்கு இரண்டும் புரியவில்லை. புரியவில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, தலைக்குத்தான் தெரியவில்லை. இரண்டு கையையும் அகல விரித்தேன். நிறுத்து. இரும்பு நின்றது. கட்டை விரலை மேலே காட்டினேன். ஏறியது.

லூக் புரண்டு எழுந்து உட்கார்ந்தார். வலது கையில் கையுறை இல்லை. அது உள்ளேயே தகட்டோடு கிடந்தது. கையை உருவிக்கொண்டு வந்திருக்கிறார். விரல்களை எண்ணினேன். அஞ்சு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். அஞ்சு. உள்ளே கிடந்த கையுறையை எடுத்துப் பார்த்தோம். நாலு விரலும் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தன.

பெரியபாளையத்து அம்மனுக்கு உடம்பெல்லாம் வேப்பிலை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். பிறகு கட்டிக்கொண்டும் போனேன். தனிக்கதை அது. நடமாடுகிற வேப்பமரம் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பஷீர் பாய் இறங்கினார். அவர் அவ்வளவு மெதுவாக ஏணியில் இறங்கி நான் பார்த்ததில்லை. நேராக என்னிடம் வந்தார். கையுறையை வாங்கிப் பார்த்தார்.

“எறக்குன்னு நீதான கை காட்டுன?”

“ஆமா பாய்.”

“நான் எறக்கும்போது இதுக்குள்ள கை இருந்துதா?”

“இருந்துது பாய்.”

“அவரு சொன்னது உனக்குப் புரிஞ்சிதா?”

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நேரத்தில் நான் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. லூக்குக்குத் தமிழ் தெரியாது. மேனேஜருக்குப் பிரெஞ்சு தெரியாது. நிறுத்தச் சொல்லிக் கை காட்டியவனும் நான்தான். சமயத்தில் காப்பாற்றினேன் என்று சொன்னால் என் கழுத்தில் மாலையே விழுந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

பாயின் கையைப் பார்த்தேன். நசுங்கிய கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது. முப்பது டன்னைத் தூக்குகிற கை.

“புரியல பாய். எனக்கு பிரெஞ்சு தெரியாது.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மேல நான் குருடன்டா, முனுசாமி. உன் கண்ண வாங்கிக்கினுதான் அங்க குந்திக்கினு கீறேன். அந்தாளு வெரலு போயிருந்தா அது உன் வாயால போயிருக்காது. என் கையால போயிருக்கும். நான் ஊட்டுக்குப் போயி இந்தக் கையாலதான் சோறு துன்னணும்.”

கையுறையை என் கையில் வைத்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“இவன் சிக்னல் போட்டா நான் ஏற மாட்டேன் சார்.”

எட்டு டன் அந்தரத்தில் நிற்கிறது. மேனேஜர் கெஞ்சுகிறார். பாய் ஏணிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சிக்னல்காரனை ஓட்டுநர் நம்பவில்லை என்றால் அவன் வெறும் கையாட்டுகிறவன். பஸ் ஸ்டாண்டில் நின்று டாட்டா காட்டலாம். வேறு எதற்கும் ஆக மாட்டான்.

நான் போனை எடுத்தேன். அதே பட்டன் போன். பாண்டிச்சேரி அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். காய்ச்சலில் அவர் குரல் கரகரவென்று இருந்தது.

“அண்ணே, ஸா வான்னு ஒரு தடவ நிதானமா சொன்னா சரி, நல்லா இருக்கு. வேகமா மூணு தடவ சொன்னா போதும், போதும், நிறுத்துன்னு அர்த்தம். நான் சொல்லாம விட்டுட்டேன்.”

“அதெப்படிம்மா? ஒரே வார்த்தை ரெண்டுக்கும் வருமா?”

“நம்ம சரி வரலையா? சரின்னா சரி. சரி சரி சரின்னா?”

எனக்கு உறைத்தது. நான் பெருமை பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரி தினமும் சொல்கிறாளே, ‘சரி, சரி, சரி!’ அதற்கு ‘இன்னும் பேசு’ என்றா அர்த்தம்? அந்தத் தொனி எனக்குத் தெரியாததா? இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது என்கிற திமிரில் தொனியைக் கேட்காமல் விட்டேன்.

“அம்மா, அந்த நீளமான ஒண்ணு சொன்னீங்களே, புரியலன்னு. அத சொல்லுங்க.”

“ஜ ந கொம்ப்ரான் பா.”

“கடைசில வர்ற பா, இல்லங்கற பா தான?”

“ஆமாண்ணே.”

மூன்று தடவை சொல்ல வைத்தேன். பிறகு லூக்கிடம் போனேன். அவர் பெட்டியில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள். பாயும் பார்க்கிறார்.

“லுக்கு சார். ஜ ந... கொம்ப்ரான்... பா.”

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். முதலில் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று தயாராக நின்றேன். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஓட்டை இங்கிலீஷில் சொன்னார். “மீ, ஆல்சோ. ஹேண்ட் இன்சைட், ஐ ஸ்பீக். நாட் குட். பா போன்.”

தன் கையை உள்ளே விட்டுக்கொண்டு வாயால் பேசியது தன் தப்பு என்கிறார். இந்தத் தடவை நான் போனை நீட்டவில்லை.

அவர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினார். என்னைப் பார்த்தார். நானும் இரண்டு கையையும் அதே மாதிரி தூக்கினேன். அவர் கை இரண்டும் எனக்குத் தெரிந்தால்தான் என் கை அசையும். என் கை இரண்டும் பாய்க்குத் தெரிந்தால்தான் கிரேன் அசையும். வாய்க்கு அங்கே வேலை இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் பேசி முடித்தோம். அன்றைக்கு லூக்கும் நானும் உண்மையாகவே ஒரே பாஷை பேசியது அப்போதுதான்.

இரண்டு பேரும் திரும்பிப் பாயைப் பார்த்தோம், கையைத் தூக்கிக்கொண்டு, போலீஸ்காரனிடம் மாட்டிக்கொண்ட திருடர்கள் மாதிரி.

பாய் எங்கள் நாலு கையையும் எண்ணுகிற மாதிரி பார்த்தார். பெட்டியிலிருந்து எழுந்தார். ஏணியில் கால் வைத்தார்.

“வாயத் தொறந்த, எறங்கிடுவேன்,” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் அது ஒரே ஒருமுறை நடந்தது. லூக் கையை உள்ளே விட்டுத் தகட்டை வைத்தார். வெளியே எடுத்தார். எழுந்து நின்று இரண்டு கையையும் காட்டினார். நான் பார்த்தேன், எண்ணினேன், பிறகு காட்டினேன். பாய் இறக்கினார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக ஓட்டைக்குள் வந்து தலையை நீட்டின. எட்டு டன் உட்கார்ந்ததில் டம்ளரில் இருந்த டீகூட அலுங்கவில்லை.

லூக் என் முதுகில் தட்டி, “பா மால்,” என்றார். மோசமில்லை என்று அர்த்தமாம். அவர்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாதாம். அந்த அம்மா சொன்னார். இதையும் நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இனி உங்களிடம் இந்திக்காரர் வருவார், கொரியாக்காரர் வருவார், ஜப்பான்காரர் வருவார். வணக்கம் சொல்ல அப்புறம் கற்றுக்கொள்ளுங்கள். ‘எனக்குப் புரியலை’ என்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. அதைச் சொல்லத் தெரியாதவன் கையைக் கிரேன் பக்கம் நீட்டக் கூடாது.

லூக் ஊருக்குக் கிளம்பிய நாளில் கேட் பக்கம் நின்று என்னிடம் ஒன்று சொன்னார். பெரிய வாக்கியம். அதில் ஒரு பா இருந்தது, ஒரு வா இருந்தது, ஒரு முனுசாமியும் இருந்தது. மொழிபெயர்க்கிற அம்மா அவர் பக்கத்திலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் என்ன செய்தேன் என்றால், நிதானமாக அவரைப் பார்த்து...

“டேய் முனுசாமி! இன்னாடா இன்னும் கத வுட்டுக்கினு கீற? ஆட்டோ நிக்குது, வா, வா!”

பஷீர் பாய். வாசலில் நிற்கிறார். பழவேற்காட்டில் அவர் பேத்திக்கு நிச்சயதார்த்தம். முன்வரிசையில் என்னை உட்கார வைப்பார், நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

இது தமிழ் வா. பாயின் கை இரண்டும் தெரிகிறது. போகிறேன்.